வாடை திரும்பியதும் பூங்காவுக்குப் போங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் இலையுதிர்காலத்து வலசைப் பறவைகளைக் காண ஆட்கள் தொலைநோக்கியும் கையுமாகக் கூடும் காணொளி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். சேலத்திலிருந்து வேலைக்காகப் புதுச்சேரிக்கு வந்து ஓராண்டு ஆகிறது. ஒன்பதரை மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும், வண்டி கிடையாது, ஊசுடு ஏரிக்கு அடிக்கடி போக முடியாது. நகருக்குள்ளேயே ஒரு பூங்காவில் அப்படி ஏதாவது பார்க்க முடியுமா, முடியுமென்றால் எங்கே, எப்போது, என்ன வாங்க வேண்டும்? இதுதானே கேள்வி.

முடியும். ஆனால் அந்தக் காணொளி உங்கள் மனத்தில் ஏற்றிவிட்ட இரண்டு எண்ணங்களை இறக்கி வைத்துவிட வேண்டும். ஒன்று இலையுதிர்காலம். மற்றது திரள்.

இலையுதிர்காலம் என்ற ஒன்று நமக்கு இல்லை. நம் வாதுமை மரம் இலை சிவந்து கொட்டுவது தை, மாசியில். அப்போது வந்த பறவைகள் ஊர் திரும்பும் யோசனையில் இருக்கும். நமக்கு இருப்பது காற்று திரும்பும் காலம். ஆனி, ஆடி, ஆவணி முழுக்க நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் கச்சான் என்னும் மேல்காற்று புரட்டாசியில் தளரும். பிறகு சில நாட்கள் இலைகூட அசையாத புழுக்கம். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. அதற்குச் சற்று முன்பின்னாக வாடை பிடித்துக்கொள்ளும். வடக்கிலிருந்து வரும் குருவிக்கு வாடை என்பது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும் காற்று. வைத்திக்குப்பத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் யாரிடமாவது வாடை திரும்பிவிட்டதா என்று கேளுங்கள். அவர் ஆமாம் என்று சொல்லும் வாரத்தில் அலுவலகத்துக்கு ஓரிரு நாள் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை.

இனி திரள். சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். அதைச் சுற்றிக் கல்லும் கண்ணாடியும் வானளாவ நிற்கின்றன. சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகும். இரவெல்லாம் பறந்து களைத்தவற்றுக்கு விடியும் நேரத்தில் கண்ணில் படும் பெரிய பச்சை அதுதான். எனவே அத்தனையும் அங்கே இறங்குகின்றன. பறவைகள் அங்கே அதிகம் என்பதல்ல, இறங்க வேறு இடம் குறைவு என்பதுதான் விஷயம். நம் தாவரவியல் பூங்கா சுமார் 22 ஏக்கர். பாரதி பூங்கா அதைவிடச் சிறியது. புதுச்சேரியைச் சுற்றி இன்னும் தோப்புகளும் வீட்டுக் கொல்லைகளும் கருவேலங்காட்டுக் காலி மனைகளும் மிச்சமிருக்கின்றன. வந்தவை எல்லாம் சிதறிவிடும். ஒரு காலையில் பூங்காவில் இருபது, இருபத்தைந்து வகைப் பறவைகள் கிடைத்தால் நல்ல நாள். அதில் நான்கோ ஐந்தோ வலசை வந்தவை.

குறைவாகத் தோன்றுகிறதா? அதற்கு ஈடாக அவர்களுக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. நியூயார்க் ஒரு விழுப்புரம் ஜங்ஷன். வண்டி நிற்கும், டீ குடிக்கலாம், கிளம்பிவிடும். இன்று பார்த்த குருவி நாளை இராது. புதுச்சேரி ரயில் நிலையம் அப்படியல்ல, தண்டவாளம் அதற்கு அப்பால் போகாது. பறவைகளுக்கும் நம் ஊர் பாதி அப்படித்தான். ஒரு பகுதி கோடியக்கரை, இலங்கை என்று தெற்கே தொடர்ந்து போகும். மற்றவை இங்கேயே மூட்டையை இறக்கிப் பங்குனி வரை குடியிருக்கும். ஐப்பசியில் ஒரு கிளையில் பார்த்த ஈப்பிடிப்பானை மார்கழியிலும் அதே கிளையில் பார்க்கலாம். அடுத்த ஆண்டும் அதே மரத்துக்கு அது திரும்பி வர வாய்ப்புண்டு. காலில் வளையமிட்டு விட்ட கீச்சான்களும் வாலாட்டிகளும் ஆண்டுதோறும் அதே தோட்டத்துக்கு, அதே வேலிக்குத் திரும்பியதைப் பறவையியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றுதான்: ஒரே இடத்துக்குப் போங்கள். உங்கள் அறையிலிருந்து நடக்கிற தூரத்தில் பத்துப் பெரிய மரமும் கொஞ்சம் புதரும் கொஞ்சம் ஈரமும் இருந்தால் போதும். வாரத்தில் நான்கு காலை, அரை மணி நேரம். புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை முடிய. ஏரிக்குப் போனால் ஒரே பார்வையில் ஆயிரம் பறவை தெரியும், ஆனால் அவை எப்போது வந்தன என்று தெரியாது. நேற்று வெறுமையாக இருந்த கிளையில் இன்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காண வேண்டுமானால் நேற்றும் நீங்கள் அங்கே நின்றிருக்க வேண்டும். நான் முப்பது ஆண்டுகளாகப் பறவை பார்க்கிறேன். என் குறிப்பேட்டில் நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது அபூர்வப் பறவைகளின் பக்கத்தை அல்ல, முதல் வாலாட்டி எந்த ஆண்டு எந்தத் தேதியில் வந்தது என்று எழுதிவைத்த ஒற்றைப் பக்கத்தைத்தான்.

இதற்கு ஒரு முன்தயாரிப்பு வேண்டும். வெளியூர்க்காரன் யார் என்று தெரிய வேண்டுமானால் உள்ளூர்க்காரர்களைத் தெரிந்திருக்க வேண்டும். ஆடி, ஆவணியில் வலசைப் பறவை எதையும் தேடாதீர்கள். தையல்சிட்டு, தேன்சிட்டு, செம்மார்புக் குக்குறுவான், மாம்பழச்சிட்டு, கரிச்சான், வால்காக்கை, தவிட்டுக்குருவி, செண்பகம் ஆகியவற்றைக் குரலோடு பழகிக்கொள்ளுங்கள். தையல்சிட்டு தன் உடம்புக்குப் பொருந்தாத சத்தத்தில் கத்தும். கரிச்சான் வல்லூறின் குரலைத் திருடிக் கத்தும். இந்த இரண்டிலும் ஏமாந்து முடித்த பிறகுதான் புரட்டாசியில் புதரிலிருந்து வரும் அந்நியமான "டக், டக்" உங்கள் காதில் தனியாக விழும்.

அந்த "டக்" யாருடையது என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பூங்காக்களின் உண்மையான நெடும்பயணிகள் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதவை. பிளித் நாணல் கதிர்க்குருவி என்று பெயர். கல்கத்தா அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டில் காப்பாளராக இருந்த எட்வர்டு பிளித்தின் பெயர் அது. பெயரில்தான் நாணல்; குளிர்காலத்தில் அது வாழ்வது வேலிப்புதரிலும் செம்பருத்திச் செடியிலும். மேலே மண் பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை, அவ்வளவுதான். பத்து நிமிடம் காத்திருந்தால் இரண்டு நொடி தெரியும். மர உச்சியில் இன்னொன்று இருக்கும்: பச்சைக் கதிர்க்குருவி. இலையும் அதுவும் ஒரே நிறம், ஓயாமல் துள்ளும், கழுத்து வலிக்கும். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். அதன் எடை 7.7 கிராம். அந்தக் குருவியும் ஏறத்தாழ அவ்வளவுதான். அது கூடு கட்டும் நிலப்பரப்பு ஐரோப்பாவின் வடகிழக்கிலிருந்து சைபீரியா, இமயம் வரை விரிகிறது. கிளம்புவதற்கு முன் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை பிடித்து, அந்தப் பத்து ரூபாய் எடை இங்கே வந்து நம் பூங்காவின் தூங்குமூஞ்சி மரத்தில் புழு தேடுகிறது. கீழே நடைப்பயிற்சிக்காரர்கள் கைவீசிப் போய்க்கொண்டிருப்பார்கள்.

புதியவர்களுக்கு இந்த இரண்டும் எரிச்சலூட்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் நல்ல முகம் உள்ளவற்றையும் சொல்கிறேன். பழுப்பு ஈப்பிடிப்பான் முதல் மாதத்திலேயே உங்களுக்குக் கிடைத்துவிடும். சிறிய உடம்பு, பெரிய கரிய கண், கண்ணைச் சுற்றி வெளிர் வளையம். எப்போதும் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட குழந்தையின் முகம். இலையில்லாத காய்ந்த குச்சி ஒன்றின் நுனியில் உட்காரும், பறந்து ஒரு பூச்சியைப் பிடிக்கும், அதே குச்சிக்குத் திரும்பும். அந்தக் குச்சியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், தினமும் தேட வேண்டியதில்லை. பெயரில் மட்டும் அதன் உறவுக்காரனான அரசவால் ஈப்பிடிப்பானைப் பழைய ஆட்கள் வேதிவால் குருவி என்பார்கள். ஆணின் வால் உடம்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீண்டு ரிப்பனாக அலையும். சிவந்த ஆணும் உண்டு, வெள்ளை ஆணும் உண்டு. வெள்ளை ஆண் ஒன்று நிழலுக்குள் குறுக்கே போனால் பெஞ்சில் செய்தித்தாள் படிப்பவர்கூட நிமிர்ந்து பார்ப்பார். மாங்குயில் மஞ்சள் துண்டாக ஆலமரத்துக்குள் போய் ஒளியும். பழுப்புக் கீச்சான் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டிய திருடன். காலி மனை வேலியில் உட்கார்ந்து விடியலிலும் அந்தியிலும் கரகரவென்று சண்டைக்குக் கூப்பிடும்.

கொடிக்கால் வாலாட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாலாட்டிகள் எல்லாம் வாலை மேலும் கீழுமாக ஆட்டும். இது ஒன்று மட்டும் பக்கவாட்டில் ஆட்டும், வால் மட்டுமல்ல, பின்னுடம்பே சேர்ந்து ஆடும். கிழக்கு ஆசியாவில், சீனா, கொரியா, கிழக்குச் சைபீரியப் பக்கம் கூடு கட்டும் பறவை. வெற்றிலைக் கொடிக்காலின் ஈர நிழலுக்கு ஏற்ற பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பூங்காவிலும் மர நிழலில், சருகு கிடக்கும் ஈரத்தரையில்தான் நடக்கும். ஒருமுறை தண்ணீர்க் குழாய் ஒழுகி ஒரு பாய் அளவுக்கு மண் நனைந்திருந்தது. நான் மூன்று மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்து நின்றிருந்தேன். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள், மேல் பட்டை முழுதாக, கீழ்ப் பட்டை நடுவில் அறுந்து. இரண்டு அடி நடக்கும், நிற்கும், இடுப்பை இடம் வலமாக ஆட்டும், ஒரு சருகைப் புரட்டும், எதையோ விழுங்கும். இருபது நிமிடத்தில் அந்தப் பாயை விட்டு அது நகரவில்லை. மறுநாள் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். நகராட்சி வேலை வேகமாக நடந்ததற்காக நான் வருத்தப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

இப்போது ஆறுமணிக் குருவி. பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிக்கும், அதனால் அந்தப் பெயர். கோடையிலும் மழைக்காலத்திலும் இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிவிட்டுத் தெற்கே இறங்கும். இரவில் பறக்கும். விளக்கு வெளிச்சத்தில் திசை கெட்டு, களைத்துப்போய், வீடுகளுக்குள்ளும் மாடிகளிலும் விழுவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. உலகம் முழுக்க இந்தத் தொல்லை உண்டு. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக வானை நோக்கிப் பாய்ச்சும் ஒளிக்கற்றைகளில் பறவைகள் சிக்கிச் சுழலத் தொடங்கினால் விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்து அவற்றைப் போகவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு புரட்டாசிக் காலையில் எதிர்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். "கிளி மாதிரி ஏதோ சன்னல் கண்ணாடியில் மோதி விழுந்து கிடக்கிறது, கொஞ்சம் வந்து பாருங்கள் அண்ணா." போய்ப் பார்த்தால் துளசி மாடத்துக்குப் பின்னால் ஆறுமணிக் குருவி. கையில் எடுத்தேன். எடையே இல்லை, துடிப்பு மட்டும்தான் இருந்தது. முதுகில் பாசிப் பச்சை, தோளில் விரல் நுனியால் தொட்டு வைத்ததுபோல ஒரு பளீர் நீலம், தலையில் கறுப்புப் பட்டை, வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு. கால்கள் வெளிர் இளஞ்சிவப்பு. கண் பாதி மூடியிருந்தது. அக்கா ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து வாயில் ஊற்றலாமா என்று கேட்டார். ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். செருப்புப் பெட்டியில் பழைய துணி விரித்து, நான்கைந்து ஓட்டை போட்டு, அதை உள்ளே வைத்து மூடி, ஆள் நடமாட்டமில்லாத அறையில் வைத்தோம். இருட்டும் அமைதியும்தான் மருந்து. பிள்ளைகளைத் திறந்து பார்க்கவிடாமல் தடுத்ததுதான் பெரிய வேலை. மாலையில் பெட்டிக்குள் கால் பிறாண்டும் சத்தம் கேட்டது. கொல்லையில் வாழை மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைச் சாய்த்தேன். ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு குதித்துக் குதித்துச் சருகுக்குள் போனது. அவ்வளவு நிறமும் மூன்றடி தூரத்தில் காணாமல் போய்விட்டது.

அதைப் பூங்காவில் பார்க்க வேண்டுமானால் சருகு இருக்க வேண்டும். இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பல ஆண்டு போய்க்கொண்டிருந்த ஒரு சிறு பூங்காவில், எந்தப் பூங்கா என்பது வேண்டாம், ஒரு மூலையில் மூங்கிலும் புதரும் முழங்கால் அளவு சருகும் இருந்தன. ஆறுமணிக் குருவி, பூங்குருவி, கொடிக்கால் வாலாட்டி எல்லாம் அந்த மூலையில்தான். ஒரு கோடையில் அதைச் "சுத்தம்" செய்து, சருகை எரித்து, வண்ண ஓடு பதித்து, சிமெண்டு முயல் ஒன்றை வைத்தார்கள். முயல் இன்னும் இருக்கிறது.

இடங்களைச் சொல்கிறேன். உங்களுக்கு முதலிடம் தாவரவியல் பூங்கா. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கியது, பழைய மரங்கள் மிச்சமிருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறியபோது நகரெங்கும் மரங்கள் சாய்ந்தன. அந்த வெற்றிடங்களில் பிறகு அடர்ந்த புதர்களும் இளமரங்களும் இப்போது கதிர்க்குருவிகளுக்கு வசதி. வாசலுக்கு அருகே நிற்காதீர்கள். எந்த மூலையில் ஆள் போவதில்லையோ அந்த மூலை உங்களுடையது. இரண்டாவது, பாரதி பூங்கா. ஆயி மண்டபத்தைச் சுற்றிப் புல்வெளி அழகாக இருக்கும், பறவைக்கு அதனால் பயனில்லை. ஓரத்து மரங்களைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: எதிரே ஆளுநர் மாளிகையும் பக்கத்தில் சட்டப்பேரவையும் இருக்கின்றன. தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். மாங்குயில் சுவரைத் தாண்டிப் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

கடற்கரைச் சாலையில் கொட்டியிருக்கும் கருங்கற்களை யாரும் பூங்காவாக நினைப்பதில்லை. ஆனால் வலசையின் முதல் ஆள் அங்கேதான் வருகிறார். ஆடி கழிவதற்குள்ளேயே உள்ளான் ஒன்று அந்தக் கற்களில் வந்து பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு நண்டுக்குஞ்சு தேடும். கூட்டமாக இராது, தனி ஆள். எழுந்தால் இறக்கையை விறைப்பாக வைத்து அலைக்கு ஒரு சாண் மேலே பறக்கும். காந்தி சிலைக்கு முன்னால் ஐஸ்கிரீம் சாப்பிடும் ஆயிரம் பேருக்கு அது தெரியாது. இன்னும் இரண்டு இடம்: கனகன் ஏரியும் வேல்ராம்பட்டு ஏரியும். இரண்டும் ஊருக்குள். நீரைவிட ஓரத்துச் சேற்றையும் மின்கம்பிகளையும் பாருங்கள். தகைவிலான்கள் வரிசையாகவும் நீலவால் பஞ்சுருட்டான்கள் ஜோடி ஜோடியாகவும் கம்பியில் இருக்கும்.

நேரம்: விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை. ஆனால் மழை இந்த விதியை மாற்றும். இரவில் மழை கொட்டி விடியலில் வெறித்தால், அன்று கட்டாயம் போங்கள். மேலே பறந்துகொண்டிருந்தவை மழைக்குப் பயந்து கிடைத்த இடத்தில் இறங்கியிருக்கும். நனைந்த இறகை உலர்த்த வெயில் படும் கிளைக்கு வரும், பசியில் ஆளைக்கூடப் பொருட்படுத்தாது. நாள் முழுக்கத் தூறிக்கொண்டிருந்தால் போக வேண்டாம். புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றியிருந்தால் வீட்டிலேயே இருங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து ஊரே மிதந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். புயல் ஓய்ந்த பின் கடற்கரைக்குப் போங்கள். நடுக்கடலில் வாழும் ஆலாப் பறவைகள் சில சமயம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும்.

காகங்களை நம்புங்கள். ஆறேழு காகம் ஒரு மரத்தைச் சுற்றி இரைந்தால் அங்கே ஆந்தையோ, களைத்து இறங்கிய குயிலோ, பருந்தோ இருக்கிறது. நான் பார்த்த பாதி அபூர்வங்களைக் காட்டிக்கொடுத்தவை காகங்கள்.

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: 8×42 என்று எழுதியிருக்கும் தொலைநோக்கி. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். கை நடுங்கும், மரநிழலில் இருண்டு போகும். கேமராவை இப்போது வாங்காதீர்கள். இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. கேமராவோடு தொடங்குபவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள், பறவையைப் பார்ப்பதில்லை. கதிர்க்குருவி போன்றவற்றின் பக்கமே திரும்ப மாட்டார்கள். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், உதவியானதுதான். ஆனால் அது சொல்வதைக் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள். கரிச்சான் உங்களை ஏமாற்றுவதுபோல அதையும் ஏமாற்றும். பார்த்ததை ஈபேர்டு என்னும் இணையப் பறவைப் பதிவேட்டில் பதியலாம். அக்டோபரில் உலகம் முழுக்க ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து பதிவார்கள், பொங்கலை ஒட்டித் தமிழகத்தில் 2015 முதல் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. அவற்றில் கலந்துகொண்டால் பழக ஆள் கிடைக்கும். பதிவு செய்யப்பட்ட குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து களைத்ததை எதிரி வந்துவிட்டான் என்று பதற வைப்பது எந்த வகை ரசனை என்று எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்த ஒரு வரியையும் திருத்திவிடுகிறேன்: "வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க இங்கே வருகின்றன" என்று. ஆண்டுதோறும் செய்திகளில் வரும் வரி இது, தப்பு உங்களுடையதல்ல. நடப்பது நேர் எதிர். கூடு கட்டி முடித்துவிட்டுத்தான் அவை இங்கே வருகின்றன. அங்கே பனியில் பூச்சியும் சேறும் மறைந்துவிடும், இங்கே கிடைக்கும், பிழைப்புக்கு வருகின்றன. வேடந்தாங்கலில் கூடு கட்டும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் இந்தியாவிலேயே நீர் உள்ள இடத்துக்கு இடம் மாறுபவை. அந்தக் கூழைக்கடா ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததாக எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பது வேறொரு கூழைக்கடா, அது இங்கே வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு. ஊசுடு ஏரி நகரிலிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டர்தான், பத்துக்கண்ணு சாலையில் பஸ் போகிறது. புதுச்சேரி தன் பகுதியை 2008இல் சரணாலயமாக அறிவித்தது. வாத்துகளுக்காகப் போகிறீர்கள் என்றால் ஐப்பசியில் போகாதீர்கள்; ஏரி நிறைந்து தெளிந்த பிறகு, மார்கழி, தையில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நீலச்சிறகியும் இருக்கும். பாகூர் ஏரியும் அப்படியே. மரக்காணம் பக்கம் கழுவேலி இன்னும் பெரிது, 5,000 ஹெக்டேருக்கு மேல். 2021 டிசம்பரில் சரணாலயம், 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல். அதற்கு ஒரு முழு நாளும் நண்பரின் வண்டியும் வேண்டும். கடலூரில் உறவினர் இருந்தால் தேவனாம்பட்டினம் போய்க் கெடிலம் கடலில் சேரும் இடத்தில் காலையில் நில்லுங்கள், உங்களுக்கு ஏரியே தேவைப்படாது.

ஆனால் நான் உங்களை முதலில் அனுப்ப விரும்பும் ஞாயிற்றுக்கிழமை இடம் தேங்காய்த்திட்டு முகத்துவாரம். கடல் வற்றம் இறங்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். சேற்றில் பவளக்காலி, கொசு உள்ளான், பொன் உப்புக்கொத்தி ஆகியவற்றுக்கு நடுவே சற்றுப் பருத்த அலகும் நீண்ட காலுமாக ஒரு மணல் நிற உப்புக்கொத்தி நிற்கலாம்: பெரிய மணல் உப்புக்கொத்தி. துருக்கியிலிருந்து மங்கோலியா வரையுள்ள வறண்ட நிலங்களில் கூடு கட்டிவிட்டு நம் கடற்கரைக்கு வருவது. லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1816இல் புதுச்சேரிக்கு வந்து சில ஆண்டுகள் செடிகொடிகளையும் உயிரினங்களையும் திரட்டினார். புதுச்சேரியில் கிடைத்த பறவையை வைத்து லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1826இல், நம் பூங்கா உருவான அதே ஆண்டில், இந்த இனத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தி லெஷெனோவின் பெயரை அதற்கு வைத்தார். அறிவியல் பெயரில் இன்றும் அவர் இருக்கிறார். அதன் பக்கத்திலேயே சிறிய மணல் உப்புக்கொத்தியும் நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அலகும் காலும் காட்டிக்கொடுக்கும். தனியாக ஒன்று மட்டும் நின்றால் எனக்கே பத்துக்கு மூன்று முறை இன்னும் தவறுகிறது.